ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர்?

போன தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது எங்களை ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பதாகை: ‘சர்வதேசத் தரத்தை நோக்கி எமது பாடசாலைகள்’. மண்டபத்தில் நாலு மின்விசிறி, இரண்டுதான் சுழன்றன. கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறதென்று யன்னல்களையும் சாத்தி வைத்திருந்தார்கள்.

வளவாளர் நல்ல பேச்சாளர். பின்லாந்து வகுப்பறை, சிங்கப்பூர் ஆய்வுகூடம் என்று படம் படமாகக் காட்டினார். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் நிறம் நிறமான கதிரைகளில் வட்டமாக இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த விஞ்ஞான டீச்சர் மடியில் வைத்தபடியே ஒரு கட்டுக் கொப்பி திருத்தி முடித்துவிட்டார். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னபோது ஒருவர் எழும்பிப் போக்குவரத்துப் படி தருவீர்களா என்று கேட்டார். அன்று கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். சாப்பாட்டுப் பார்சலோடு கலைந்தோம்.

நான் கணித ஆசிரியை. வீடு திருகோணமலை உப்புவெளியில்; படிப்பிப்பது மூதூர்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில். ஒவ்வொரு நாளும் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த இடத்தில் பாலம் இல்லை. படகுப்பாதை வரும்வரை கரையில் காத்து நிற்க வேண்டும். 2009இல் பாலம் திறந்த பிறகு அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறேன். கல்வி அமைச்சு செய்த எந்தச் சீர்திருத்தமும் என் வகுப்புக்கு இந்தப் பாலம் அளவுக்கு உதவவில்லை என்று பகிடியாகச் சொல்வதுண்டு. முழுப் பகிடியும் இல்லை.

அன்று பாலத்தில் வரும்போது தான் யோசித்தேன். சர்வதேசத் தரம், சர்வதேசத் தரம் என்கிறார்களே, அதை யார் அளக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள்?

அளக்கிறார்கள். பீசா (PISA) என்று ஒரு பரீட்சை இருக்கிறது, பணக்கார நாடுகளின் அமைப்பான OECD நடத்துவது. 2000ஆம் ஆண்டு தொடங்கியது. 15 வயதுப் பிள்ளைகளின் கணிதம், வாசிப்பு, விஞ்ஞானம் மூன்றையும் பார்ப்பார்கள். 2022இல் 81 நாடுகளும் பிரதேசங்களும் அதில் இருந்தன. கணிதத்தில் சிங்கப்பூர் 575 புள்ளியோடு முதலிடம். பணக்கார நாடுகளின் சராசரி 472. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பரீட்சையில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி போடும் முறை அல்ல, ஆள் எடுக்கும் முறை. ஒரு நாட்டில் குறைந்தது 150 பாடசாலைகளைக் குலுக்கல் மாதிரித் தெரிவு செய்வார்கள். பாடசாலைக்குள்ளும் பிள்ளைகளை அப்படியே எடுப்பார்கள். ‘சேர், இந்தப் பிள்ளை நல்லாச் செய்யும், இவவை அனுப்புவம்’ என்ற கதை அங்கே எடுபடாது. நாங்கள் பழகியது இதற்கு நேர் எதிர். சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ எடுத்த பிள்ளையின் படத்தை வாசலில் பெரிதாகக் கட்டுவோம். சித்தியடையாத பதினெட்டுப் பிள்ளைக்கு எந்தப் பதாகையும் இல்லை. பீசா நடக்குமென்றால் அந்தப் பதினெட்டுப் பேரின் பெயரும் குலுக்கல் பெட்டிக்குள் இருக்கும். பட்டணத்தில் பெயர்பெற்ற நாலு கல்லூரியை எவ்வளவு மினுக்கினாலும் நாட்டின் புள்ளி அசையாது என்று விளங்கியபோது எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது. எங்களைப் போன்ற பாடசாலையைக் கவனிக்காமல் ஒருத்தரும் வெல்ல முடியாத பந்தயம் அது.

பழைய கேள்விகள் சிலதை அவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். விடுமுறையில் இரண்டைத் தமிழாக்கினேன்.

முதலாவது, ஆப்பிள் தோட்டம். ஒரு விவசாயி சதுர வடிவில் ஆப்பிள் மரம் நடுகிறார். காற்றைத் தடுக்கச் சுற்றிவர ஊசியிலை மரம் நடுகிறார். ஆப்பிளை மாமரமாகவும் ஊசியிலையைச் சவுக்காகவும் மாற்றினேன். காற்றை மாற்றத் தேவைப்படவில்லை, கச்சான் எங்களிடமே இருக்கிறது. ஒரு வரிசை என்றால் 1 மாமரம், சுற்றி 8 சவுக்கு. இரண்டு வரிசை என்றால் 4 மா, 16 சவுக்கு. மூன்று என்றால் 9, 24. அட்டவணையை நிரப்பு. மா n², சவுக்கு 8n. இரண்டும் எப்போது சமமாகும்? கடைசியாக: தோட்டத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனால் எது வேகமாகக் கூடும், மாவா சவுக்கா? எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்று விளக்கு.

தவணை தொடங்கியதும் தரம் 10இல் கொடுத்தேன். அன்று வந்திருந்தது 27 பேர். அட்டவணையை 22 பேர் சரியாக நிரப்பினார்கள். சமன்பாட்டை 14 பேர் தீர்த்து 8 என்று எழுதினார்கள்; ஒரு பிள்ளை n = 0 உம் ஒரு விடை என்று எழுதி, தோட்டமே இல்லாத தோட்டம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள். அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் கடைசிக் கேள்விக்கு? 25 பேர் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அதைக் கேட்டபோது முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “டீச்சர், அதுக்கு எத்தினை புள்ளி எண்டு போடேல்லையே.”

எனக்கு அந்தப் பிள்ளையில் கோபம் வரவில்லை. பதினெட்டு வருடமாக நானும் இதைத்தானே படிப்பித்தேன். கடந்தகால வினாத்தாளை எடு, பத்து வருடத்துத் தாளையும் செய், எந்தக் கேள்வி திரும்ப வரும் என்று பார், படிமுறைக்குப் புள்ளி உண்டு, ஒரு வரியையும் விடாதே. அந்த வழியில் என் பிள்ளைகள் கெட்டிக்காரர். இருபடிக் கோவையைக் காரணியாக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். “ஏன்?” என்று கேட்டால் மட்டும் வகுப்பு கிணற்றுக்குள் போன மாதிரி ஆகிவிடும்.

அந்த விடுமுறையில் அக்காவின் மகள் கனடாவில் இருந்து வந்திருந்தாள். ஸ்காபரோவில் படிக்கிறாள், எங்கள் தரம் 10 வயதுதான். அதே தாளை அவளிடமும் கொடுத்துப் பார்த்தேன். சமன்பாட்டைப் போட்டுப் பிசைந்து, 8 ஐப் பரீட்சித்துத்தான் கண்டுபிடித்தாள். என் பிள்ளைகள் அரை நிமிடத்தில் முடித்த விடயம். ஆனால் கடைசிக் கேள்விக்குப் பேனையைக் கீழே வைக்கவே இல்லை. முக்கால் பக்கம் எழுதினாள். முதலில் சவுக்குத்தான் முன்னுக்குப் போகும், எட்டாவது வரிசையில் மா பிடித்துவிடும், அதற்குப் பிறகு சவுக்கு எட்டாம் வாய்ப்பாட்டிலேயே நிற்க, மாவோ தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போகும் என்று படம் கீறி அம்புக்குறி போட்டு. “சித்தி, எங்கட ஸ்கூல்ல ஒவ்வொரு கணக்குக்கும் ஏன் எண்டு எழுதச் சொல்லுவாங்க. சரியான போரிங்” என்றாள். கையால் செய்யும் கணக்கில் எங்கள் பிள்ளைகள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து சொல்லத் துணியாததுதான் குறை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பீசா எழுதின. இரண்டும் பட்டியலின் அடியில் போய் நின்றன. கேள்விகள் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளில் விலகிக்கொண்டது. எனக்கு அந்தக் காரணம் பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. ஆப்பிள் மரம் தெரியாத பிள்ளைக்கு மாமரம் தெரியும். அதை மாற்றிக் கொடுக்க எனக்கு ஒரு பின்னேரம்தான் எடுத்தது.

வியட்நாமின் கதை வேறு. 2012இல் முதல்முறை எழுதியபோதே கணிதத்தில் 511 புள்ளி எடுத்து, அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் தாண்டிவிட்டது. அங்கேயும் எங்களைப் போல நெல்வயல், போர், கடன். அந்த எண்ணைக் கேட்டதும் துள்ள வேண்டாம்: அந்த வருடம் பாடசாலையில் இருந்து, தெரிவுக்குள் வந்தது 15 வயதினரில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள்தான். இடைவிலகியவர்கள் கணக்கிலேயே இல்லை. 2022இல் அவர்களின் கணிதப் புள்ளி 469. அப்படிப் பார்த்தாலும் பணக்கார நாடுகளின் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இன்னொன்று: அந்தப் பிள்ளைகள் பரீட்சையை வியட்நாமிய மொழியில்தான் எழுதினார்கள். யப்பான்காரர் யப்பானிய மொழியில், கொரியர் கொரிய மொழியில். பீசாவில் அவரவர் பாடசாலையில் படிக்கும் மொழியில்தான் தாள் வரும்.

இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பெற்றோர் நம்ப மாட்டார்கள். ‘சர்வதேசம்’ என்றால் ஆங்கிலம், ஆங்கிலம் என்றால் கழுத்துப்பட்டி. 1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு புதிதாகத் தனியார் பாடசாலை திறக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்டு வந்தன. ஆகவே சட்டப்படி அவை பாடசாலைகளே அல்ல, கம்பனிகள். என் தம்பி தன் மகனை அப்படி ஒன்றில்தான் சேர்த்திருக்கிறான். அவனோடு இதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டேன், பொங்கலுக்கு ஒன்றாகச் சாப்பிட வேண்டும் அல்லவா.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஊரிலேயே விபுலாநந்த அடிகள் இருந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் அவரிடம் ஒன்றாக இருந்தன. திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்திருக்கிறார். பழந்தமிழ் யாழின் சுரங்களைக் கணிதம் கொண்டு அளந்து மீட்டெடுத்த மனிதர். பௌதிகமும் தமிழும் ஒரே தலைக்குள் சண்டை பிடிக்காமல் இருக்கலாம் என்பதற்கு நாங்கள் பின்லாந்துக்குப் போய்ப் படம் எடுத்து வரத் தேவையில்லை.

சரி, பின்னே எது தடுக்கிறது? காசு என்று உடனே சொல்வார்கள். உண்மைதான், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். நாடு செலவழிப்பது அதில் மூன்றில் ஒன்று அளவுக்குத்தான். ஆனால் இருக்கிற காசு எங்கே போகிறது என்றும் நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலைக்குக் கொடையாளர் ஒருவர் திறன்பலகை ஒன்று தந்தார். மாலை, குத்துவிளக்கு, நாடா வெட்டல் எல்லாம் நடந்தது. மூன்று மாதம் வேலை செய்தது. பிறகு தொடுகை பிடிக்காமல் போனது. திருத்த ஆள் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்றார்கள். இப்போது அந்த அறை பூட்டிக் கிடக்கிறது, திறப்பு அதிபரின் மேசைக்குள். அதே பாடசாலையில் அந்த வருடம் முழுக்கத் தரம் 9க்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. திறன்பலகை இல்லாமல் நான் படிப்பிப்பேன். ஆசிரியர் இல்லாமல் திறன்பலகை என்ன செய்யும்?

ஆளணி விசயம்தான் என் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்துக்கு நியமனம் கிடைத்து வரும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். முதல் மாதமே இடமாற்ற விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருப்பார்கள். குற்றம் சொல்ல மாட்டேன்; நானும் நிரப்பினேன், இரண்டு முறை. வாடகை வீடு கிடைக்காது, கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும், பிள்ளைகளைப் பட்டணத்தில் படிப்பிக்க வேண்டும். மூன்றாவது முறை ஏன் நிரப்பவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது.

போவது ஆசிரியர் மட்டுமா? தரம் 5 புலமைப்பரிசில் வந்ததும் எங்களிடம் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு மூன்று பேரும் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தபோது, மத்திய பாடசாலைகளை நாட்டுப்புறத்தில் கட்டி அங்கேயே கிராமத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். நல்ல பாடசாலை கிராமத்தைத் தேடி வந்தது. இப்போது கிராமத்தில் இருந்து நல்ல பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற கருவியாக அந்தப் பரீட்சை ஆகிவிட்டது. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகள் இருந்தும், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கக்கூடியவை ஆயிரம் அளவில்தான். மற்ற ஒன்பதாயிரத்தில் இருப்பவர்கள் குலுக்கல் பெட்டிக்குள் இல்லையா?

பாடசாலைக்குப் போய்ச் சேருவதே சிலருக்குப் பரீட்சையாக இருந்திருக்கிறது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பழைய பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வராது.

இரண்டாவது கேள்வியைச் சொல்லாமல் விட்டேனே. அதுவும் பீசாவின் பழைய கேள்விதான். இசைக் கச்சேரி ஒன்றுக்கு 100 மீற்றர் நீளமும் 50 மீற்றர் அகலமும் கொண்ட மைதானம். நுழைவுச்சீட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்து, சனம் நெருக்கமாக நின்றபடி பார்க்கிறது. ஏறத்தாழ எத்தனை பேர்? 2,000, 5,000, 20,000, 50,000, 100,000. ஒன்றைத் தெரிவு செய்.

வகுப்பு முழுக்க 5,000. நூற்றை ஐம்பதால் பெருக்கினால் 5,000 வருகிறது, விடையிலும் 5,000 இருக்கிறது, பிறகென்ன? நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போக, கடைசி வாங்கில் இருக்கும் பையன், கணக்கென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவன், மெல்லக் கேட்டான்: “டீச்சர், ஒரு மீற்றருக்குள்ள ஒரு ஆள் மட்டுமா நிப்பான்? தேரண்டு எங்களுக்குக் காலை வைக்க இடமிருக்காதே.”

மேசைகளைத் தள்ளிவிட்டு வெண்கட்டியால் நிலத்தில் ஒரு மீற்றர் சதுரம் கீறினோம். ஒருத்தன் நின்றான். இன்னொருத்தன் ஏறினான். நாலு பேர் தோள் முட்டாமல் நிற்கலாம். ஐந்தாவது ஆள் ஏறினபோது சிரிப்பு. ஆறாவது ஆள் நின்றால் கை தட்ட முடியாது என்றார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். ‘நாலு பேர்தான் சரி, இருபதாயிரம்’ என்று யாரோ கத்த, ‘ஐந்து பேர் எண்டால் 25,000 வரும், அது தாளில் இல்லை, ஆனா இருபதுக்குத்தான் கிட்ட’ என்று இன்னொருத்தி மறித்துச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொன்னாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பாடத்திட்டம் பின்னுக்கு நிற்கிறது என்று பகுதித் தலைவர் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். நியாயம்தான், தவணைத் தாளில் இதற்குப் புள்ளி கிடையாது. ஒரு தகப்பன் வந்து, ரியூசனில் இப்படி நேரத்தை வீணாக்குவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: கிழமைக்கு ஒரு பாடவேளை. அதற்குமேல் எடுக்க எனக்கும் துணிவில்லை, தரம் 11இல் சாதாரண தரம் வருகிறதே.

போன வெள்ளி அந்தக் கடைசி வாங்குப் பையன் தானாகவே ஒரு கேள்வி கொண்டு வந்தான். கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதில் வாகனம் ஒன்றும் இல்லாமல் தேரன்று மாதிரிச் சனம் நின்றால் எத்தனை பேர்? பாலம் தாங்குமா?

அகலம் எவ்வளவு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் அதில் போய் வருகிற எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு பட்டணத்துக்குப் போகும்போது இறங்கி அளந்துகொண்டு வருகிறேன் என்றான். வாகனம் வரும், ஓரமாக நின்று அடியால் அள என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவனுடைய ஒரு அடி எத்தனை சென்ரிமீற்றர் என்று வகுப்பு நிலத்தில் வெண்கட்டியால் குறித்தும் வைத்திருக்கிறோம்.